ஆகாய அணையின் நீர்வரத்து

தாமிரபரணிப் பாசனத்தை நம்பி வாழும் குடும்பங்களில், காலைப் பத்திரிகை வந்ததும் முதலில் தேடப்படும் பகுதி ஒன்று உண்டு. ராஜாங்கச் செய்திகள் சற்றுப் பொறுத்திருக்கலாம். அணைகளின் நிலவரம் பொறுத்திராது. 143 அடி கொள்ளும் பாபநாசம் அணையில் இன்று எத்தனை அடி நீர் நிற்கிறது? வினாடிக்கு எத்தனை கன அடி வந்து சேருகிறது? எத்தனை கன அடி திறந்துவிடப்படுகிறது? நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என்னும் இந்த மூன்று எண்களைக் கொண்டு, கார் சாகுபடி கரையேறுமா, பிசானத்துக்கு நாற்றுப் பாவலாமா என்று வீட்டுப் பெரியவர் திண்ணையில் அமர்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார். பொதிகை மலைமீது ஏறிப் பார்த்துவிட்டு வந்தா சொல்கிறார்? இல்லை. இருப்பும் செலவும் தெரிந்தால் வரவின் தகுதி தானே விளங்கிவிடும். வீட்டுக் கணக்கு எழுதும் தாய்மார்கள் அனைவரும் அறிந்த உண்மை இது.

இந்த எளிய கணக்கை ஆகாயத்துக்கும் போட்டுப் பார்க்கலாம் என்றால் நேயர்கள் வியப்படையக் கூடும். போட்டுப் பார்த்தும் ஆகிவிட்டது. 800 கோடி ஆண்டுகளுக்கு முன், நமது சூரியனே பிறவாத காலத்தில், எங்கோ தொலைவிலிருந்த நட்சத்திர மண்டலங்களில் ஆண்டொன்றுக்கு எத்தனை நட்சத்திரங்கள் பிறந்தன, அவற்றுக்கு வேண்டிய சரக்கு எவ்வளவு கையிருப்பில் இருந்தது, அது எத்தனை காலத்துக்குத் தாங்கக் கூடியதாக இருந்தது என்பதையெல்லாம் அளந்து 2020-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள். அளந்த கருவியும் நம் நாட்டில் நம்மவர் அமைத்த கருவிதான். அந்த வரலாற்றை இயன்ற வரையில் எளிய தமிழில் எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

அளவை எது?

வானத்தில் நாம் காணும் நட்சத்திரங்கள் அநாதியாக இருந்து வருபவை அல்ல. அவை பிறக்கின்றன, வாழ்கின்றன, மடிகின்றன. குளிர்ந்து பரந்து கிடக்கும் ஹைட்ரஜன் வாயு தன் கனத்தினாலேயே ஓரிடத்தில் சுருங்கி, இறுகி, உள்ளே வெப்பம் மிகுந்து, முடிவில் அணு உலையாக மூண்டு எரியத் தொடங்குவதையே நட்சத்திர ஜனனம் என்கிறோம்.

ஒரு மண்டலத்தில் இந்த ஜனனம் எவ்வளவு விரைவாக நடைபெறுகிறது என்பதைச் சொல்ல ஓர் அளவை வேண்டும். நெல்லுக்கு மரக்காலும் கோட்டையும் போல, இதற்குச் சூரியனின் எடையே படி. ஓர் ஆண்டில் எத்தனை சூரியன் எடையுள்ள வாயு நட்சத்திரமாக மாறுகிறது என்று கேட்பார்கள். நாம் வசிக்கும் பால்வீதி மண்டலத்தில் பதினாயிரம் கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஆயினும் இன்று இங்கே ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சூரியன் எடையளவே புதிதாக விளைகிறது. பெரிய குடும்பம், ஆனால் தொட்டில் கட்டுவது அபூர்வமாகிவிட்ட குடும்பம். இதற்கு மாறாக, சுமார் 25 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள ‘ஆர்ப் 220’ என்னும் மண்டலத்தில், இரண்டு மண்டலங்கள் மோதிக் கலந்த கொந்தளிப்பில், ஆண்டுக்கு நூறு சூரியன்களுக்கும் மேலாக விளைகின்றன.

ஆனால் இதில் ஒரு பெருஞ்சங்கடம் இருக்கிறது. அத்தனை தூரத்திலுள்ள மண்டலத்தில் நட்சத்திரங்களைத் தனித்தனியாக எண்ண முடியாது. மிகச் சிறந்த தொலைநோக்கியிலும் அது ஒரு மங்கலான ஒளித் துளியாகவே தெரியும். தொட்டிலும் தெரியாது, குழந்தையும் தெரியாது. அப்படியிருக்கப் பிறப்புக் கணக்கை எழுதுவது எங்ஙனம்?

வாடாத வாழை

முன்பின் அறியாத ஊரின் தெரு ஒன்றில் நாம் நடந்து போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் கல்யாணங்கள் எவ்வளவு அடிக்கடி நடைபெறுகின்றன என்பதை யாரையும் கேட்காமலே அறிய வேண்டும். வீடுகளை எண்ணிப் பயனில்லை. அவை நூறாண்டுகளாக நிற்பவை. ஆனால் வாசலில் குலையோடு கட்டிய வாழை மரம் மூன்று நான்கு தினங்களுக்குள் வாடிவிடும். ஆகையால் தெருவில் பசுமை மாறாத வாழைகள் எத்தனை என்று எண்ணினால், கடந்த சில தினங்களில் நடந்த கல்யாணங்களின் தொகை கிடைத்துவிடும். நெடுநாள் நிலைத்திராத பொருள் கண்ணில் பட்டால், அது அண்மையில் உண்டானது என்பது நிச்சயம்.

நட்சத்திரங்களிலும் இப்படி வாடும் வாழைகள் உண்டு. நமது சூரியனைப் போன்றவை ஆயிரம் கோடி ஆண்டுகள் வாழும். சூரியனைவிடச் சிறியவை அதனினும் நெடுங்காலம் வாழும். ஆனால் சூரியனைப்போல் பத்து, இருபது மடங்கு எடையுள்ள பெரு நட்சத்திரங்களோ ஊதாரிச் செல்வந்தர்களைப் போல இருப்பதையெல்லாம் வாரியிறைத்து எரித்துவிட்டு, ஒரு கோடி, இரண்டு கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து மடிந்துவிடுகின்றன.

இத்தகைய பெரு நட்சத்திரம் ஒன்றைத் தமிழ் மக்கள் நன்கு அறிவார்கள். மார்கழி மாதத்தில் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபையில் கொண்டாடப்பெறும் திருவாதிரைத் திருநாளுக்குப் பெயர் தந்த நட்சத்திரமே அது. கீழ்வானில் செம்மை படர எழும் அந்தத் திருவாதிரை பிறந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளே ஆகின்றன. 460 கோடி ஆண்டு வயதுள்ள சூரியனுக்கு முன் அது கைக்குழந்தை. அதற்குள்ளாகவே அது முதுமை எய்தி இறுதிக் காலத்தை நெருங்கிவிட்டது.

ஆகவே தொலைதூர மண்டலம் ஒன்றில் இத்தகைய பெரு நட்சத்திரங்களின் ஒளி மிகுதியாகத் தென்பட்டால், அங்கே சென்ற சில கோடி ஆண்டுகளில் ஜனனம் மும்முரமாக நடந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் குலை வாழை கட்டுவதில்லையே என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நட்சத்திரங்களிலும் பெரியவை மிகச் சில, சிறியவை ஏராளம். ஒரு பெரிய நட்சத்திரம் பிறக்கும்போது அதனுடன் சிறியவை எத்தனை பிறக்கின்றன என்ற விகிதத்தை, நம் அண்டையிலுள்ள நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து எட்வின் சால்பீட்டர் என்னும் அறிஞர் 1955-இல் வகுத்துக் கொடுத்தார். பின்வந்தோர் அதைத் திருத்திச் செப்பனிட்டார்கள். இந்த விகிதத்தால் பெருக்கித்தான் மொத்த விளைச்சல் கணக்கிடப்படுகிறது. எங்கும் எக்காலத்திலும் இதே விகிதம் பொருந்துமா என்பது இன்றும் ஆராயப்பட்டு வருகிறது. ஆதலால் இந்தக் கணக்கில் கிடைக்கும் எண்கள் தராசு முள்ளைப் போல் துல்லியமானவை அல்ல. கண் அளவில் தேர்ந்த களத்து மேட்டுக் கிழவரின் மதிப்பீட்டைப் போன்றவை. ஆனால் அவர் சொல் அநேகமாகப் பொய்ப்பதில்லை.

மகேந்திரகிரியின் பங்கு

பெரு நட்சத்திரங்கள் மிக்க வெப்பமுடையவை. ஆகையால் அவற்றின் ஒளியில் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கிரணங்களாகவே வெளிப்படுகிறது. அந்தக் கிரணங்களை அளந்தால் கணக்கு நேராகி விடும். ஆனால் பூமியைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலம் அவற்றைத் தடுத்து விடுகிறது. உயிர்களுக்கு அது நன்மை. வான சாஸ்திரிகளுக்கோ இடையூறு. எனவே தொலைநோக்கியைக் காற்றுக்கு மேலே கொண்டு போய் வைத்தாக வேண்டும்.

நம் தேசம் அதைச் செய்தது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ‘ஆஸ்ட்ரோஸாட்’ என்னும் வானாய்வுக் கோளைச் சுமந்து சென்று, பூமிக்கு மேல் 650 கிலோமீட்டர் உயரத்தில் நிலைநிறுத்தியது. அந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கை உந்திச் செல்வது ‘விகாஸ்’ என்னும் எஞ்சின். விகாஸ் எஞ்சின்களை எரித்துப் பார்த்துப் பரீட்சிக்கும் இடம், திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் உள்ள நமது விண்வெளி ஸ்தாபனத்தின் நிலையமே. பொதிகையைப் போல மேற்கு மலைத் தொடரைச் சேர்ந்த மலைதான் அதுவும்.

ஆஸ்ட்ரோஸாட்டில் இருந்த புற ஊதாத் தொலைநோக்கியின் கண்ணாடி 38 சென்டிமீட்டர் அகலமே உடையது. பெரிய சாப்பாட்டுத் தாம்பாளத்தின் அளவு என்று சொல்லலாம். அந்தச் சிறு கண்ணாடி 2016 அக்டோபரில் வானத்தின் ஒரு சிறு துண்டை 28 மணி நேரத்துக்கு மேல் உற்று நோக்கியது. அதில் கிடைத்த பதிவுகளைப் பல காலம் சோதித்துப் பார்த்த பின், புனேயைச் சேர்ந்த கனக் சாஹாவும் அவருடைய சகாக்களும் 2020 ஆகஸ்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். 930 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டலத்திலிருந்து புறப்பட்ட மிகக் கடுமையான புற ஊதாக் கிரணங்கள் பதிவாகியிருக்கின்றன என்பதே அது.

இந்தச் செய்தி பிறப்புக் கணக்கை நேராகவே தொடுகிறது. கடுமையான புற ஊதாக் கிரணங்கள் பட்டால் ஹைட்ரஜன் வாயு சிதறி, மீண்டும் கூடும்போது ஒரு தனிப்பட்ட சிவப்பு ஒளியை வீசும். கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் 1912 முதல் சூரியனைப் படம் பிடித்து வந்திருப்பது ஹைட்ரஜனின் இதே சிவப்பு ஒளியில்தான். தொலைதூர மண்டலங்களில் இந்தச் சிவப்பை அளந்து, அதிலிருந்து பெரு நட்சத்திரங்களின் தொகையைக் கண்டுபிடிப்பது ஒரு சிறந்த முறை. கிரணங்கள் யாவும் வாயுவிலேயே செலவாகின்றன என்ற நம்பிக்கையின்மேல் எழுந்த முறை இது. ஆனால் ஆஸ்ட்ரோஸாட் கண்ட மண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத கிரணங்கள் வாயுவுக்குள் அகப்படாமலே தப்பி வெளியேறியிருந்தன. வாய்க்காலின் கடைமடையில் நின்று நீரை அளப்பவன், வழியில் கசிந்து போனதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமல்லவா? அதுபோலவே இதுவும்.

மூடிய அடுப்பு

இன்னொரு தடையும் உண்டு. நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களில் நுண்ணிய தூசி மண்டிக் கிடக்கிறது. புற ஊதாக் கிரணங்களை அது விழுங்கி விடும். ஜனனம் எங்கே மிக மும்முரமோ, அங்கேதான் தூசியும் மிக அடர்த்தி. ஒளியை மட்டும் நம்பினால் பெரு விளைச்சல் காணும் வயலைத் தரிசு என்று எழுதி விடுவோம்.

ஆனால் அடுப்பை எவ்வளவு மூடி வைத்தாலும் அதன் வெப்பத்தை மறைக்க முடியாது. உள்ளே தீ கனன்றால் வெளிச் சுவர் சுடும். தூசியும் அவ்வாறே, தான் விழுங்கிய கிரணங்களால் சூடேறி, அகச்சிவப்புக் கிரணங்களாக அதைத் திருப்பி வெளியிடுகிறது. 1983-இல் விண்ணில் ஏற்றப்பட்ட ‘ஐராஸ்’ என்னும் கோள் அகச்சிவப்பில் வானம் முழுவதையும் துழாவியபோது, முன்பு சாதாரணமாகத் தோன்றிய சில மண்டலங்கள் உள்ளூர ஜொலித்துக் கொண்டிருப்பது வெளிப்பட்டது. மேலே சொன்ன ஆர்ப் 220 அவற்றுள் ஒன்று.

மூன்றாவதான வழி ரேடியோ அலை. பெரு நட்சத்திரங்கள் வெடித்து மடியும்போது மின்னணுக்கள் மகா வேகத்தில் எறியப்படுகின்றன. அவை மண்டலத்திலுள்ள காந்தப் புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை எழுப்புகின்றன. எத்தகைய தூசித் திரையையும் ரேடியோ அலை எளிதில் ஊடுருவி வந்துவிடும். சாவு ஓலையைக் கொண்டு பிறப்பைக் கணிக்கும் விசித்திரமான முறை இது. ஆயினும் அற்ப ஆயுள் உள்ளவர்களிடத்தில் பிறப்பும் இறப்பும் அருகருகே நிற்பவை ஆதலால், கணக்குத் தவறுவதில்லை.

விளைச்சல் குன்றிய வரலாறு

ஆகாயத்தில் தொலைவு என்பது பழமையும் ஆகும். ஒளி வந்து சேர நூறு கோடி ஆண்டுகள் ஆகும் மண்டலத்தை நாம் இன்று நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த கோலத்தில்தான் காண்கிறோம். எனவே அருகிலும் தொலைவிலும் உள்ள மண்டலங்களின் பிறப்பு விகிதத்தை வரிசையாக அளந்தால், பிரபஞ்சத்தின் விளைச்சல் சரித்திரமே கைக்கு வந்துவிடும்.

1995 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கி பத்து நாட்கள் வானத்தின் ஒரு புள்ளியையே பார்த்துக் கொண்டிருந்து, ஏறத்தாழ மூவாயிரம் மண்டலங்களைப் படம் பிடித்தது. அதற்கு அடுத்த ஆண்டிலே இந்தச் சரித்திரம் உருப்பெறலாயிற்று. சைமன் லில்லி, பியரோ மடாவ் முதலிய அறிஞர்கள் அதை வரைந்தார்கள். பின்வந்த அளவைகள் அதை உறுதி செய்தன.

அந்தச் சரித்திரம் கூறுவது இது: பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் நட்சத்திர விளைச்சல் மெல்ல ஏறி, ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தை எட்டியது. பிறகு சில நூறு கோடி ஆண்டுகள் செழிப்பு. அப்பால் வீழ்ச்சி. இன்றைய விளைச்சல் உச்சக் காலத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவே. பிரபஞ்சத்தின் பொற்காலம் நமது சூரியன் பிறப்பதற்கு வெகு முன்பே கழிந்துவிட்டது.

ஏன் குன்றியது? சரக்கு தீர்ந்ததாலா, அல்லது சரக்கு இருந்தும் விளையவில்லையா? இதை முடிவு செய்ய, வெளியேற்றத்தை மட்டும் அறிந்தால் போதாது. இருப்பையும் அறிய வேண்டும். 800 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மண்டலங்களில் ஹைட்ரஜன் எவ்வளவு இருந்தது? இந்தக் கேள்விக்குத்தான் உலகில் எவரும் விடை காணாதிருந்தனர்.

கோடாட் கிராமத்துக் கண்கள்

ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ரேடியோ அலையை வெளியிடும். 1944-இல் வான் டி ஹூல்ஸ்ட் என்ற டச்சு அறிஞர் கணித்துக் கூறிய இது 1951-இல் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அந்த அலை மிக மிக மெல்லியது. பிரபஞ்சம் விரிந்து கொண்டே போவதால், 800 கோடி ஆண்டுப் பிரயாணத்தில் 21 சென்டிமீட்டர் அலை இருமடங்காக நீண்டு, 42 சென்டிமீட்டர் அலையாகவே இங்கே வந்து சேரும். அதைக் கேட்பதற்கு மிகப் பெரிய செவி வேண்டும்.

அத்தகைய செவியை நம் நாட்டில் அமைக்கக் கனவு கண்டவர் கோவிந்த் ஸ்வரூப். உதகமண்டலத்துக்கு அருகே ஒரு மலைச் சரிவின் சாய்வையே பயன்படுத்தி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியை 1970-இல் அவர் தலைமையில் நம்மவர் அமைத்து முடித்தனர். அடுத்து, புனேக்கு வடக்கே கோடாட் என்னும் கிராமத்தைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள முப்பது வட்டில்களை 25 கிலோமீட்டர் பரப்பில் நிறுத்தி, ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியை உருவாக்கினர். எஃகுக் கம்பிகளை வலைபோல் இழுத்துக் கட்டி, குறைந்த செலவில் பெரிய வட்டில் செய்யும் உபாயமும் இங்கே வகுக்கப்பட்டதே. வெகு தொலைவிலுள்ள ஹைட்ரஜனைக் காண்பது அதன் முதல் நோக்கங்களில் ஒன்று.

அத்தகைய கருவிக்கும் ஒரு தனி மண்டலத்தின் ஹைட்ரஜன் எட்டவில்லை. அப்போது ஒரு யுக்தி கையாளப்பட்டது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை ஒருவர் இழுத்தால் அது அசையாது. ஆயிரம் பேர் ஒரே திசையில் வடம் பிடித்தால் அசைகிறது. கூட்டத்தில் ஒருவரையொருவர் அங்குமிங்கும் தள்ளும் வேகங்கள் ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. வடத்தின் வழியே செல்லும் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. அதேபோல், ஏற்கெனவே இடமும் தூரமும் தெரிந்த 7,653 மண்டலங்களின் ரேடியோப் பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினார்கள். கருவியின் இரைச்சல் அடங்கிற்று. ஹைட்ரஜனின் மெல்லிய குரல் எழுந்தது. புனே தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ஆதித்ய சௌதுரி, நிஸ்ஸிம் கானேகர், ஜெயராம் செங்கலூர் ஆகியோரும், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சிவ் சேத்தி, துவாரகநாத் ஆகியோரும் சேர்ந்து இதைச் சாதித்தனர். 2020 அக்டோபரில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் இது வெளியாயிற்று.

அவர்கள் கண்ட எண்களைக் கொண்டு நேயர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அம்மண்டலங்களில் சராசரி வாயு இருப்பு, ஏறத்தாழ 1,200 கோடி சூரியன் எடை. அதே தொலைநோக்கியில் கிடைத்த மற்ற ரேடியோ ஒளியைக் கொண்டு, மேலே சொன்ன மூன்றாவது வழியில் கணித்த நட்சத்திர விளைச்சல், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சூரியன் எடை. 1,200 கோடியை எட்டால் வகுத்தால் 150 கோடி. அதாவது புது நீர்வரத்து இல்லாவிட்டால், அணையில் இருந்த சரக்கு 150 கோடி ஆண்டுகளுக்கே போதும். கணக்கின் ஏற்றத்தாழ்வுகளையும் கருதி, நூறு முதல் இருநூறு கோடி ஆண்டுகள் என்று அவர்கள் கூறினர். 800 கோடி ஆண்டு நெடுமைக்கு முன் இது எம்மாத்திரம்?

மண்டலங்களுக்கு வெளியே பரந்த வெளியிலிருந்து புதிய வாயு வந்து விழுந்து கொண்டுதான் இருக்கிறது. ஆனால் செலவுக்கு ஈடான வரவு இருந்திருந்தால் விளைச்சல் குன்றியிராது. குன்றிவிட்டது என்பதோ கண்கூடு. ஆகவே வரத்துப் போதவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. 2021-இல் அதே குழுவினரில் சிலர் இன்னும் பின்னோக்கி, சுமார் 900 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்டலங்களை அளந்தபோது, அங்கே வாயுவின் எடை நட்சத்திரங்களின் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இருக்கக் கண்டனர். நிறைந்திருந்த அணை வற்றத் தொடங்கிய தறுவாயையே அவர்கள் பிடித்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

நமக்கு என்ன?

இந்தக் கணக்கால் ஒரு படி நெல் கூடுதலாக விளையுமா என்று கேட்டால், விளையாது என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் வேறொன்று உண்டு. தொடக்கத்தில் பிரபஞ்சத்தில் இருந்தவை ஹைட்ரஜனும், ஹீலியமும், சிறிது லித்தியமுமே. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவும், எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும், இரத்தத்தில் ஓடும் இரும்பும் பின்னால் நட்சத்திரங்களில் விளைந்தவை. தாமிரபரணிக்குப் பெயர் தந்த தாமிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் பெரு நட்சத்திரங்களின் வயிற்றில் சமைந்து, அவை வெடித்தபோது சிதறிய உலோகம். தாமிர சபையின் தகடுகளும், ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த வெண்கலப் பாத்திரங்களும், அடுக்களையில் துலக்கி வைத்திருக்கும் செம்புக் குடமும் இதற்கு விலக்கல்ல.

சூரியனும் பூமியும் உருவான நாளில் இவ்வளவு உலோகம் கையிருப்பில் இருந்ததற்குக் காரணம், அதற்கு முன் பிரபஞ்சத்தில் அமோக விளைச்சல் கண்ட அந்தப் பொற்காலமே. முன்னோர் தேடி வைத்த சொத்தில் நாம் வாழ்கிறோம். அந்தச் சொத்து எப்போது, எவ்வளவு வேகத்தில் சேர்ந்தது, வரவு எப்போது குறைந்தது என்று அறிய விரும்புவது குடும்பப் பொறுப்புள்ள எவருக்கும் இயல்பான ஆசையல்லவா?

இனி வரப்போவது இன்னும் பெரிய முயற்சி. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல தேசங்கள் கூடி ‘சதுர கிலோமீட்டர்’ ரேடியோ தொலைநோக்கியை நிர்மாணித்து வருகின்றன. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் சர்க்கார் 1,250 கோடி ரூபாய்க்கு அனுமதி அளித்து அதில் பங்கு கொண்டிருக்கிறது. இதுவரை ஆயிரக்கணக்கில் அடுக்கிக் கூட்டிச் சராசரியாக மட்டுமே அறிந்த வாயுவை, தொலைவிலுள்ள மண்டலங்களிலும் தனித்தனியாகப் பார்க்க அது வகை செய்யும்.

அந்தக் கருவியின் முன் அமரப் போகிறவர்கள் இப்போது பள்ளிக்கூடத்தில் பெருக்கலும் வகுத்தலும் பயின்று கொண்டிருக்கிறார்கள். பொதிகைச் சாரலில் வளரும் பிள்ளைகளும் அவர்களுள் இருக்க வேண்டும். இருப்பு, வரத்து, வெளியேற்றம் என்னும் மூன்று சொற்களை அவர்கள் எழுத்தறியும் முன்பே வீட்டில் கேட்டு அறிந்தவர்கள். மீதியை நல்ல ஆசிரியர்களும், தமிழில் எழுதப்பட்ட நல்ல நூல்களும் கற்பித்துவிட முடியும்.